டொர்னாடோ: எப்படி உருவாகிறது, எதை முதலில் பிய்க்கிறது, எங்கே ஒதுங்குவது

கடலில் உருவாகி நாள்கணக்கில் நகரும் புயல் வேறு, டொர்னாடோ வேறு. புயலின் அகலம் நூற்றுக்கணக்கான கி.மீ. டொர்னாடோவோ ஒரே ஓர் இடிமேகத்தின் அடியிலிருந்து தரைவரை இறங்கும் சுழல்காற்று. பெரும்பாலானவை 10 நிமிடத்துக்குள் அடங்கிவிடும், அகலமும் நூறு மீட்டருக்குள்தான். ஆனால் 1925 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் மிசௌரியில் தரை தொட்ட ஒன்று இல்லினாய், இந்தியானா வரை சுமார் 350 கி.மீ. கிழித்துக்கொண்டு போய் 695 பேரைக் கொன்றது. 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் தௌலத்பூர், சாட்டூரியா பகுதியில் சுமார் 1,300 பேர் இறந்தார்கள்.

இந்தச் சாவுகளில் பெரும்பகுதிக்குக் காரணம் பறந்து வந்து தாக்கும் பொருளும் இடிந்து விழும் கட்டடமும்தான். காற்று ஒரு கட்டடத்தை எந்த வரிசையில் பிரிக்கிறது என்று தெரிந்தவருக்கு, அதில் கடைசிவரை நிற்கும் இடம் எது என்பதும் தெரிந்துவிடும். எச்சரிக்கை வந்த பிறகு கையில் இருப்பது சுமார் பத்து நிமிடம். அப்போது யோசித்துக்கொண்டு நிற்க முடியாது. இடத்தை இன்றே முடிவு செய்து வைக்க வேண்டும்.

உருவாகும் விதம்

சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் மோதினால் டொர்னாடோ வரும் என்று பலரும் படித்திருப்பார்கள். அது போதாத விளக்கம். அப்படிப்பட்ட மோதல் உலகில் தினமும் எங்காவது நடக்கிறது, டொர்னாடோ வருவதில்லை. நான்கு விஷயங்கள் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூட வேண்டும்.

தரையை ஒட்டி ஈரமான வெப்பக் காற்று வேண்டும். அதற்கு மேலே குளிர்ந்த காற்று இருக்க வேண்டும். அப்போதுதான் கீழிருந்து கிளம்பும் காற்று தன் சுற்றுப்புறத்தைவிட இலேசாக இருந்து, தானாகவே ஏறிக்கொண்டே போகும். அதைக் கிளப்பிவிட ஏதாவது ஒரு தூண்டல் தேவை: வறண்ட காற்றும் ஈரக்காற்றும் சந்திக்கும் எல்லைக்கோடோ, குளிர்காற்றின் முகப்போ, முந்தைய மழையிலிருந்து வெளிப்பட்ட காற்றோ அதைச் செய்யும். நான்காவதுதான் சாதாரண இடிமழையையும் இதையும் பிரிப்பது. அது காற்று முறிவு, அதாவது உயரம் கூடக்கூடக் காற்றின் வேகமும் திசையும் மாறுவது. தரைக்கும் 6 கி.மீ. உயரத்துக்கும் இடையே காற்றின் வேறுபாடு நொடிக்கு 20 மீட்டர் அளவை எட்டினால் சுழலும் இடிமேகத்துக்கு வாய்ப்பு உண்டு என்று வானிலையாளர்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவின் நடுச் சமவெளியில் இந்த நான்கும் வசந்த காலத்தில் அடிக்கடி கூடுகின்றன. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று தாழ்வாக வருகிறது. தென்மேற்கு மேட்டுநிலத்தில் சூடேறிய வறண்ட காற்று அதன் மேல் மூடிபோலப் படிகிறது. இந்த மூடி காலையில் மேகம் எழும்ப விடாமல் தடுப்பதால், கீழே வெப்பமும் ஈரமும் சேர்ந்துகொண்டே போகின்றன. பிற்பகலில் எங்காவது மூடி உடைந்தால், அடக்கி வைத்த ஆற்றல் முழுவதும் ஒரு சில மேகங்களுக்குள் பாய்கிறது. பகல் முழுக்க வானம் வெளுத்துக் கிடந்தது என்பதால் ஆபத்து இல்லை என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

சுழற்சி எங்கிருந்து வருகிறது? கீழ்க்காற்று மெதுவாகவும் மேல்காற்று வேகமாகவும் வீசும்போது, இரண்டுக்கும் நடுவே உள்ள காற்று கிடைமட்டமாக உருளுகிறது. உள்ளங்கைகளுக்கு நடுவே திரி உருட்டும்போது அது சுழல்வது போல. மேகத்துக்குள் ஏறும் காற்று இந்த உருளையைத் தூக்கி நிமிர்த்துகிறது. படுத்திருந்த சுழற்சி நின்றுகொள்கிறது. மேகத்தின் நடுவயிற்றில் 2 முதல் 10 கி.மீ. அகலத்துக்குச் சுழலும் இந்தப் பகுதிக்கு மீசோசைக்ளோன் என்று பெயர். அதைச் சுமக்கும் மேகம் சூப்பர்செல்.

இதுவரை நடந்தது தரைக்கு மேலே சில கி.மீ. உயரத்தில். ரேடாரில் தெரியும் மீசோசைக்ளோன்களில் சுமார் கால்வாசிதான் டொர்னாடோவாக முடிகின்றன. மீதி ஏன் முடிவதில்லை என்பதுதான் இந்தத் துறையின் மையக் கேள்வி. 1994-95இலும் 2009-10இலும் அமெரிக்கச் சமவெளியில் வோர்டெக்ஸ் என்ற பெயரில் நடந்த பெரிய கள ஆய்வுகள் இதற்காகவே நடந்தன. கிடைத்த விடையின் சாரம் இது: தரைமட்டச் சுழற்சி பிறக்க, மழையால் குளிர்ந்து இறங்கும் காற்று தேவைப்படுகிறது. ஆனால் அந்தக் காற்று அதிகம் குளிர்ந்துவிட்டால் கனம் கூடித் தரையோடு படுத்துவிடும். மேலே உள்ள ஏறுகாற்றால் அதை மறுபடி தூக்க முடியாது. சுழற்சி அங்கேயே சாகும். இறங்குகாற்று ஓரளவே குளிர்ந்திருந்தால், ஏறுகாற்று அதை உறிஞ்சி மேலே இழுக்கிறது. இழுபடும் சுழல் மெலிகிறது. ஆரம் பாதியானால் வேகம் இரட்டிப்பாகிறது. மேகத்தின் அடிப்பகுதி தரையிலிருந்து 1,000 மீட்டருக்குள் தாழ்ந்திருக்கும் நாட்கள் அதிக ஆபத்தானவை என்பதும் இதனால்தான். அடி தாழ்வாக இருப்பது கீழே ஈரம் மிகுதி என்பதற்கு அடையாளம். ஈரக்காற்றில் மழைத்துளி அதிகம் ஆவியாகாது. ஆகவே இறங்குகாற்று மிகையாகக் குளிர்வதில்லை.

சூப்பர்செல் இல்லாமலும் சிறிய டொர்னாடோக்கள் வரும். தரையில் ஏற்கெனவே இருக்கும் சிறு சுழல், வளர்ந்துகொண்டிருக்கும் மேகத்தின் அடியில் மாட்டி நீண்டுவிடுவது ஒரு வகை. வரிசையாக நகரும் இடிமேகங்களின் முகப்பில் நிமிடக் கணக்கில் தோன்றி மறைவது இன்னொன்று. இரண்டாவது வகை இரவிலும் மழைக்குள்ளும் வருவதால் கண்ணில் படாது.

வானத்தையும் ரேடாரையும் படித்தல்

மேகத்தின் அடியில் மழை விழாத தட்டையான பகுதியைத் தேடுங்கள். அதிலிருந்து ஒரு கட்டி மட்டும் கீழே தணிந்து தொங்கினால் அது சுவர் மேகம். தணிந்த மேகம் எல்லாமே ஆபத்து அல்ல. ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டியது அது ஒரே அச்சில் விடாமல் சுழல்கிறதா, துண்டு மேகங்கள் வேகமாக மேலேறுகின்றனவா என்பதை. இரண்டும் இருந்தால் வேறு சான்று தேவையில்லை. வானம் பச்சையாக இருப்பதை நம்ப வேண்டாம். ஆலங்கட்டி மழை மேகத்துக்கும் அந்த நிறம் வரும்.

புனல் வடிவம் தரைவரை தெரிய வேண்டும் என்று காத்திருப்பது பெரிய தவறு. புனல் என்பது நீராவி குளிர்ந்து நீர்த்துளிகளாகிக் கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டுமே. அது பாதி உயரத்தில் தொங்கும்போதே கீழே காற்று முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கலாம். தரையில் புழுதியும் சிதறலும் சுழல்கின்றனவா என்று பாருங்கள். இடமும் வலமும் நகராமல், நின்ற இடத்திலேயே பெரிதாகிக்கொண்டே போவதாகத் தெரிந்தால், அது உங்களை நோக்கி வருகிறது. இரவில் தரைமட்டத்தில் நீலமும் பச்சையுமாக வெட்டும் ஒளி மின்கம்பிகள் அறுபடுவதன் அடையாளம். இடி முழங்கி ஓயும். ஓயாமல் கூடிக்கொண்டே வரும் இரைச்சல் வேறு, அது டொர்னாடோவாக இருக்கலாம்.

மழையோடு காற்றின் வேகத்தையும் காட்டும் டாப்ளர் ரேடாரில் இரண்டு படங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். மழையளவுப் படத்தில் மேகத்தின் பின்முனையில் கொக்கி வடிவம் தெரியும். காற்றின் வேகப் படத்தில் ரேடாரை நோக்கி வரும் காற்றின் நிறமும் விலகிப்போகும் காற்றின் நிறமும் அடுத்தடுத்து ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஒட்டும் புள்ளிதான் சுழலின் மையம். கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் அலை அனுப்பும் இரட்டைத் துருவ ரேடாராக இருந்தால் மூன்றாவது சான்றும் கிடைக்கும். மழைத்துளிகள் ஒரே மாதிரி இருப்பதால் அவற்றின் ஒத்திசைவு எண், அதாவது இரு அலைகளின் எதிரொலியும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு, 1ஐ ஒட்டி இருக்கும். பலகை, தகரம், இலை பறந்தால் அது 0.8க்குக் கீழே விழும். கொக்கியின் முனையில், சுழல் மையத்தின் மேலேயே அந்தச் சரிவு தெரிந்தால், டொர்னாடோ ஏற்கெனவே எதையோ உடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

ரேடாருக்கு ஒரு குறை உண்டு. பூமி வளைந்திருப்பதாலும் கதிர் சற்று மேல்நோக்கியே போவதாலும், நூறு கி.மீ. தொலைவில் அது தரைக்கு மேலே ஒரு கி.மீ.க்கும் அதிக உயரத்தைத்தான் பார்க்கிறது. தரையை ஒட்டிய சிறு சுழல் அதற்குத் தப்பிவிடும். அமெரிக்காவில் சூழல் தயாராக இருக்கும்போது முன்னறிவிப்பும், சுழல் கண்டறியப்பட்டதும் எச்சரிக்கையும் தனித்தனியாக வருகின்றன. முன்னறிவிப்பு வந்தால் தயாராகுங்கள். எச்சரிக்கை வந்தால் ஒதுங்குங்கள். வெளியே போய்ப் பார்த்து உறுதி செய்வதற்கான நேரம் அது அல்ல.

கட்டடம் உடையும் வரிசை

காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். நொடிக்கு 30 மீட்டர் காற்று, அதாவது மணிக்கு 108 கி.மீ., ஒரு சதுர மீட்டர் சுவரில் சுமார் 56 கிலோ எடையளவு தள்ளுகிறது. வேகம் இரட்டிப்பானால் அது 225 கிலோ. 5 மீட்டர் அகலமும் 2.1 மீட்டர் உயரமும் உள்ள ஒரு வாகனக் கொட்டகைக் கதவின் மேல் அப்போது விழுவது இரண்டே கால் டன்னுக்கும் மேல்.

அந்தக் கதவைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் வழக்கமான மரச்சட்ட வீடுகளில் உடைசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. மணிக்கு 155 கி.மீ. அளவில் சன்னல் கண்ணாடி உடைகிறது, கொட்டகைக் கதவு உள்ளே மடங்குகிறது. உள்ளே புகுந்த காற்று கூரையை அடியிலிருந்து தள்ளுகிறது. அதே நேரம் கூரையின் மேல் வழுக்கி ஓடும் காற்று மேலிருந்து உறிஞ்சுகிறது. இரண்டும் சேர்ந்து 195 கி.மீ. அளவில் கூரையின் பெரும்பகுதியைக் கழற்றுகின்றன. சுவரின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தது கூரைதான். அது போனதும் 210 கி.மீ. அளவில் வெளிச்சுவர்கள் சாய்கின்றன. 245 கி.மீ. அளவில் நடுவிலுள்ள சிறு அறைகளைத் தவிர மற்றவை விழுகின்றன. 275 கி.மீ.யில் அவையும். அடித்தளம் மட்டும் துடைத்துவிட்டதுபோல எஞ்ச, நன்றாகக் கட்டிய வீட்டுக்கு 320 கி.மீ. அளவு தேவை.

இந்த வரிசையை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். கடைசிக்கு முந்தைய படிவரை நிற்பது நடுவிலுள்ள சிறு அறை. டொர்னாடோக்களில் மிகப் பெரும்பான்மை அந்தப் படியை எட்டாத பலவீனமானவை. எட்டுபவற்றிலும் உச்ச வேகம் பாதையின் ஒரு குறுகிய பட்டையில்தான் இருக்கும்.

அழுத்தக் குறைவால் வீடு வெடிக்கும், ஆகவே சன்னலைத் திறந்து வையுங்கள் என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டது. இது உயிருக்கு ஆபத்தான அறிவுரை. 2003 ஜூன் 24 அன்று தெற்கு டகோட்டாவின் மான்செஸ்டரில் தரையில் வைத்த கருவி 100 ஹெக்டோபாஸ்கல் (இயல்பான காற்றழுத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு) வீழ்ச்சியைப் பதிவு செய்தது, வீழ்ச்சி உண்மைதான். ஆனால் வீட்டில் இருக்கும் இடுக்குகள் வழியாகவே காற்று சமனாகிவிடும். சன்னலைத் திறந்தால் கூரையைத் தள்ளும் காற்றுக்கு நீங்களே வழி விடுகிறீர்கள். கண்ணாடிக்கு அருகில் போகவும் நேர்கிறது.

ஒதுங்கும் இடம்

தரைக்குக் கீழே உள்ள அறை முதல் தேர்வு. அங்கும் மேல்தளத்தில் குளிர்பதனப் பெட்டி போன்ற கனமான பொருள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, அதன் நேர் கீழே இருக்காதீர்கள். நிலவறை இல்லையென்றால் மிகக் கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத, வெளிச்சுவர் எதையும் தொடாத சிறிய அறை: குளியலறை, பொருள் வைக்கும் அறை, மாடிப்படியின் அடி. உங்களுக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே எத்தனை சுவர் இருக்கிறது என்று எண்ணுங்கள். கூடுதல் சுவர் உள்ள இடமே சரியான இடம்.

உள்ளே போனதும் சுவரைப் பார்த்து முழங்காலிட்டுக் குனிந்து, தலையையும் பிடரியையும் கைகளால் மூடுங்கள். தலைக்காயம்தான் அதிகம் கொல்கிறது. வண்டியோட்டும் தலைக்கவசம் இருந்தால் எல்லோருக்கும் மாட்டுங்கள், முதலில் குழந்தைகளுக்கு. மேலே மெத்தை அல்லது தடித்த போர்வை. காலுக்குச் செருப்பு போதாது, கெட்டியான மூடிய காலணி வேண்டும், ஏனெனில் வெளியே வரும்போது தரை முழுக்க ஆணியும் கண்ணாடியும்தான். விசில், மின்விளக்கு, மின்னேற்றிய கைப்பேசி, அன்றாட மருந்து ஆகியவை அந்த அறையிலேயே எப்போதும் இருக்கட்டும். எடுக்க ஓடுவதில் போகும் நிமிடங்கள் திரும்பி வராது.

விளையாட்டரங்கம், பெரிய கடை, கிடங்கு போன்ற தூணில்லாத அகன்ற கூரை உள்ள இடங்கள் மோசமானவை. கூரையும் சுவரும் ஒன்றையொன்று தாங்குவதால் ஒன்று போனால் மற்றதும் விழும். அங்கே கழிப்பறைக்கோ உள்நடைபாதைக்கோ போங்கள். சக்கரத்தில் இழுத்து வந்து வைக்கும் இலேசான வீடுகளில் ஒருபோதும் தங்கக் கூடாது. அடித்தளத்தோடு பிணைப்பு குறைவு என்பதால், மற்ற வீடுகளில் கூரை மட்டும் போகும் காற்றிலேயே அவை புரண்டுவிடும். முன்னறிவிப்பு வந்தபோதே அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும்.

சாலையில் மாட்டிக்கொண்டால், மேம்பாலத்தின் அடியில் ஏறிப் பதுங்குவது மிகவும் கெட்ட யோசனை. காற்று அந்த இடுக்கில் நெருக்கப்பட்டு வேகம் கூடும். மேலேற ஏறப் பறக்கும் பொருளும் அதிகம். 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் மூன்று மேம்பாலங்களின் அடியில் ஒதுங்கியவர்களில் ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் இறந்தார். தூரத்தில் தெரிந்தால் அதன் பாதைக்குச் செங்குத்தாக விலகி, அருகிலுள்ள உறுதியான கட்டடத்துக்குப் போங்கள். வழியே இல்லையென்றால் இரண்டு தேர்வுகள்தான், இரண்டும் கடைசித் தேர்வுகள்: இருக்கைப் பட்டையை மாட்டிக்கொண்டு வண்டிக்குள் சன்னல் மட்டத்துக்குக் கீழே குனிவது, அல்லது சாலையைவிடக் கணிசமாகத் தாழ்ந்த பள்ளத்தில் குப்புறப் படுப்பது. பள்ளத்தில் வெள்ளம் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

முன்கூட்டி வலுவூட்டல்

கூரையிலிருந்து அடித்தளம்வரை பிணைப்பு எங்கேயும் அறாமல் இருப்பதுதான் வலு. கூரைச் சட்டத்தைச் சாய்வாக ஆணியடித்துச் சுவரில் நிறுத்தியிருந்தால் அது மேல்நோக்கிய இழுப்பைத் தாங்காது. ஒவ்வொரு சட்டத்துக்கும் உலோகப் பிடிப்பட்டை வேண்டும். சுவரின் அடிக்கட்டையை அடித்தளத்தோடு பிணைக்கும் போல்ட்டில் அகன்ற சதுர வாஷரும் நட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். வாஷர் இல்லாவிட்டால் போல்ட் நிற்கும், கட்டை அதிலிருந்து பிய்த்துக்கொண்டு போகும். கொட்டகைக் கதவைக் காற்றழுத்தத்துக்குச் சோதித்த கதவாக மாற்றுவது, செலவோடு ஒப்பிட்டால் அதிகப் பயன் தரும் ஒரே வேலை.

பாதுகாப்பு அறை கட்டுவதானால் அதற்கு அமெரிக்காவில் தெளிவான அளவுகோல் உண்டு. வடிவமைப்பு வேகம் மணிக்கு 400 கி.மீ. சோதனையில் 6.8 கிலோ மரச்சட்டத்தை 161 கி.மீ. வேகத்தில் சுவரின் மேல் எறிகிறார்கள். கூரைக்கு 108 கி.மீ. அது உள்ளே துளைத்து வரக் கூடாது. சுவரை நன்றாகக் கட்டிவிட்டுச் சாதாரணக் கதவைப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. கதவு, நிலை, கீல், தாழ் எல்லாம் ஒன்றாகச் சோதிக்கப்பட்ட தொகுப்பாக இருக்க வேண்டும். அறை இருக்கும் இடத்தைத் தீயணைப்பு நிலையத்தில் பதிந்து வையுங்கள். இடிபாடு மூடினால் எங்கே தோண்டுவது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

கடந்து போன பிறகு

எரிவாயு வாசனை வந்தால் எந்தப் பொத்தானையும் தொடாமல், தீக்குச்சி உரசாமல் வெளியேறுங்கள். தொங்கும் கம்பி எல்லாவற்றிலும் மின்சாரம் இருப்பதாகவே கொள்ளுங்கள், நனைந்த வேலியிலும் அது ஓடும். பாதி நிற்கும் சுவரின் அருகில் பொருள் தேடப் போகாதீர்கள்.

சிறு காயத்தை அலட்சியம் செய்யாதீர்கள். 2011 மே 22 அன்று மிசௌரியின் ஜாப்ளினில் 158 பேரைக் கொன்ற டொர்னாடோவுக்குப் பிறகு, மண்ணும் மரத்துகளும் புகுந்த காயங்களில் அரிதான பூஞ்சைத் தொற்று பரவி 13 பேர் பாதிக்கப்பட்டார்கள், அவர்களில் 5 பேர் இறந்தார்கள். காயத்தை ஓடும் சுத்தமான நீரில் கழுவி, உள்ளே புகுந்த துகளை மருத்துவரிடம் முழுமையாக எடுக்கச் சொல்லுங்கள். டெட்டனஸ் ஊசி போட வேண்டுமா என்றும் கேளுங்கள். சில நாளில் காயம் கறுத்தாலோ, வலி கூடினாலோ உடனே திரும்பப் போக வேண்டும்.

சேதத்தை அளவிடுதல்

டொர்னாடோவுக்குள் காற்றின் வேகத்தை நேரடியாக அளப்பது அரிது. ஆகவே சேதத்திலிருந்து பின்னோக்கிக் கணிக்கிறார்கள். வானிலை ஆய்வாளர் டெட் ஃபுஜிதா 1971இல் வகுத்த அளவுகோலை மேம்படுத்தி, 2007 முதல் அமெரிக்காவில் பயன்படுவது இஎஃப் (மேம்பட்ட ஃபுஜிதா) அளவுகோல். வீடு, பள்ளி, கோபுரம், மரம் என 28 வகைக் குறியீடுகள் அதில் உள்ளன. இஎஃப்0 மணிக்கு 105 கி.மீ.யில் தொடங்குகிறது, இஎஃப்2 178இல், இஎஃப்4 267இல். 322க்கு மேல் இஎஃப்5.

களத்தில் முதல் வேலை, இது டொர்னாடோதானா என்று தீர்மானிப்பது. பாதையின் குறுக்கே நடந்து, விழுந்த மரங்களின் திசையைக் குறியுங்கள். இரு ஓரங்களிலிருந்தும் மரங்கள் நடுக்கோட்டை நோக்கிச் சாய்ந்திருந்தால் சுழல். ஒரு மையத்திலிருந்து விசிறியாக வெளிநோக்கி விழுந்திருந்தால், அது மேகத்திலிருந்து கொட்டிய இறங்குகாற்று. பிறகு ஒவ்வொரு கட்டடத்தையும் நான்கு பக்கமும் படமெடுத்து, எந்தப் பிணைப்பு முதலில் அறுந்தது என்று தேடுங்கள். துடைத்துப்போன அடித்தளத்தைப் பார்த்ததும் இஎஃப்5 என்று எழுதிவிடக் கூடாது. போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஆணி மட்டும் இருந்தால் அந்த வீடு மிகக் குறைந்த காற்றிலேயே வழுக்கிப் போயிருக்கும். அருகிலுள்ள மரத்தின் பட்டை உரிந்திருக்கிறதா, புல் வேரோடு பெயர்ந்திருக்கிறதா என்று பார்த்து அதை ஒப்பிட வேண்டும்.

உடைக்க எதுவும் இல்லாத வெளியில் இந்த அளவுகோல் தடுமாறும். 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரேனோ அருகே வந்தது 4.2 கி.மீ. அகலம், நடமாடும் ரேடார் அதில் இஎஃப்5 வரம்பைத் தாண்டிய வேகத்தை அளந்தது. பாதையில் அதற்கேற்ற கட்டடச் சேதம் இல்லாததால், பதிவேட்டில் அது இஎஃப்3. பழைய பதிவுகளை ஒப்பிடும்போது தரத்துக்குப் பக்கத்தில் பாதையில் என்ன இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.